அட்டவணையில் நாள் வந்துவிட்டது, வயிறு தயாரா?

வாசகர் கேள்வி பதில்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் எழுதிய கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். என்ன சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் எல்லாக் கடிதங்களும் கேட்கின்றன. பதிலுக்குப் போவதற்கு முன் ஒன்று: உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் நான் சொல்வதற்கு மாறாக ஏதாவது இருந்தால், தாளில் இருப்பதைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டும். உங்களுக்கு உள்ளே என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு 19 நாள். மூன்றாவது வாரத்திலிருந்து மசித்த உணவு என்று தாளில் போட்டிருக்கிறது. நேற்று ஆசையாக ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டேன். நான்காவது வாயிலேயே நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது, எச்சில் நுரை நுரையாக வந்தது, கால் மணி நேரம் வாஷ்பேசின் முன்னாலேயே நின்றேன். எனக்குச் செய்த அதே நாளில் செய்துகொண்ட இன்னொருவர் மீனே சாப்பிடுகிறாராம். நான் எதையாவது கெடுத்துக்கொண்டேனா?

பதில்: இல்லை. ஒரு தடவை அடைத்து நுரை வந்து அடங்கிவிட்டதென்றால் தையல் விட்டிருக்குமோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை பொறுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அவை உள்ளே கசிவு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழத்தின் அளவுக்கு ஒடுங்கிய குழாய். அதன் ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை ஸ்டேப்பிள் போட்ட காயம், அந்தக் காயம் ஆறும் வாரங்களில் சுற்றிலும் வீக்கம் இருப்பதால் குழாய் இன்னும் ஒடுங்கியிருக்கும். பொரித்த முட்டை பார்க்க மெத்தென்று இருந்தாலும் சூட்டில் ரப்பர் மாதிரி இறுகிவிடும், ஈரமும் போய்விடும். அது குழாயின் வாயில் நின்றுவிட்டது. அதைத் தள்ளிவிட உடல் எச்சிலையும் சளியையும் சுரந்து தள்ளியது, அவையும் இறங்க வழியில்லாமல் நுரையாக மேலே வந்தன.

இப்போது அந்தத் தாளைப் பற்றி. வழக்கமாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு சுமார் 2 வாரம் வரை பால், புரோட்டீன் பானம், வடிகட்டிய சூப் போன்ற கெட்டியான திரவங்கள், அதற்கடுத்த 2 வாரம் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிய உணவு, பிறகு கரண்டியால் அழுத்தினாலே உடைகிற மென்மையான உணவு, 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு மெல்ல மெல்லச் சாதாரண உணவு என்று போகும். இடத்துக்கு இடம் சில நாள் முன்பின் இருக்கும். இந்தத் தேதிகள் ‘இதற்கு முன்னால் கூடாது’ என்று சொல்பவை, ‘இன்றைக்குக் கட்டாயம் சாப்பிட்டாக வேண்டும்’ என்று எந்தத் தேதியும் சொல்லவில்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை, ஆனாலும் தேதி வந்த அன்றைக்கே தேர்வு எழுதப் போவது போலத் தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தேதி வந்தால் முயன்று பார்க்கலாம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்கலாம், அதில் தோல்வி எதுவும் கிடையாது.

நீங்களும் இன்றும் நாளையும் திரவத்துக்கே திரும்பிவிடுங்கள். அது சுலபமாக இறங்கினால் கெட்டித் தயிர், மசித்த பருப்பு, மிக்ஸியில் அடித்த சூப் என்று ஏறுங்கள். முட்டையை ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள், அப்போதும் பொரிக்காமல் வேகவைத்து, தயிரோ சூப்போ கொஞ்சம் விட்டுக் கூழாக மசித்து. தேக்கரண்டியின் நுனியில் ஒரு வாய், அதை வாயிலேயே தண்ணீராகும் வரை வைத்திருந்து விழுங்கிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து ஒன்றிரண்டு நிமிடம் சும்மா இருங்கள். கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தால் கை நம்மைக் கேட்காமல் அடுத்த வாயை எடுத்துவிடும், அதனால்தான் கீழே வைக்கச் சொல்கிறேன். ஒரு நாளில் ஒரே ஒரு புது உணவு போதும், அதையும் பகலில் செய்யுங்கள். இரண்டு மூன்று புதுசைக் கலந்து சாப்பிட்டு வயிறு மறுத்தால் எதை மறுத்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவீர்கள்.

இன்னொன்று, பழைய வயிறு சொன்ன ‘போதும்’ உங்களுக்கு இனி அதே மாதிரி கேட்காது. இப்போது அது விக்கலாக வரலாம், மூக்கில் நீர் ஒழுகலாம், ஒரு தும்மல் வரலாம், நெஞ்சுக்குழியில் லேசாக அழுத்தலாம். நேற்றும் நான்காவது வாய்க்கு முன்னால் இதில் ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். உங்கள் ‘போதும்’ எது என்று கண்டுபிடித்துவிட்டால் நுரை வரும் நாள்கள் குறைந்துவிடும்.

மீன் சாப்பிடுகிறவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். அவருக்கு உள்ளே வீக்கம் சீக்கிரம் வடிந்திருக்கலாம்.

கேள்வி: என் மனைவிக்குப் பைபாஸ் முறையில் (வயிற்றின் மேற்பகுதியைச் சிறிய பையாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) செய்து ஏழு வாரம் ஆகிறது. கடந்த இரண்டு வாரமாகத் தினமும் வாந்தி. முதலில் மசித்த உணவுதான் திரும்பி வந்தது, இப்போது சூப்கூட நிற்பதில்லை. ‘இந்த ஆபரேஷன் செய்தால் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும்’ என்கிறார்கள் தெரிந்தவர்கள். நேற்றிலிருந்து நடக்கும்போது தள்ளாடுகிறாள், பார்வை இரண்டாகத் தெரிகிறது என்கிறாள். சத்துக் குறைவால் சோர்வாக இருக்குமா?

பதில்: தம்பி, மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் மனைவியை அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனேயே உங்களுக்குத் தனியாகத் தகவல் சொல்லிவிட்டோம், ஆனாலும் இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்போதாவது ஒரு நாள் வேகமாகச் சாப்பிட்டோ ஒரு வாய் அதிகமாகப் போயோ வாந்தி வரலாம். தினமும் வாந்தி என்பது எந்த வாரத்திலும் ‘இப்படித்தான் இருக்கும்’ என்பதில் சேராது. நம் உடம்பில் பி1 என்கிற தயமின் சத்தின் சேமிப்பு மிகக் குறைவு, உள்ளே போவது நின்றுவிட்டால் 2, 3 வாரத்திலேயே தீர்ந்துபோகலாம். அது தீர்ந்தால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும்: நடை தள்ளாடும், கண் அசைவு கெட்டுப் பார்வை இரண்டாகத் தெரியும், குழப்பமாகப் பேசுவார்கள். வெர்னிக்கே என்று இதற்குப் பெயர். உடனே ரத்தக்குழாய் வழியாகத் தயமின் ஏற்றினால் பெரும்பாலும் மீட்டுவிட முடியும், நாள் கடந்தால் ஞாபக சக்தியில் நிரந்தரக் குறை தங்கிவிடலாம்.

அங்கே போனதும் நீங்களாகவே வாய் திறந்து இதைச் சொல்லுங்கள்: ‘எடை குறைப்புக்கு பைபாஸ் செய்திருக்கிறது, இரண்டு வாரமாக வாந்தி, தயமின் குறைவாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும்.’ சோர்வாக வந்திருக்கிறார் என்று வெறும் குளுக்கோஸ் டிரிப் மட்டும் போட்டுவிடக் கூடாது, தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் ஏறினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகும். தயமின் முதலில் அல்லது கூடவே போக வேண்டும். இப்படிச் சொல்வதை எந்த நல்ல மருத்துவரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க மாட்டார்.

வாந்திக்கான காரணத்தையும் தேடுவார்கள். முதலில் கெட்டி உணவு நிற்கவில்லை, பிறகு திரவமும் நிற்கவில்லை என்ற வரிசையில் நீங்கள் எழுதியிருப்பது முக்கியம். பைபாஸில் சிறிய வயிற்றுப் பையையும் குடலையும் இணைத்த வாய் ஆறும்போது சிலருக்குச் சுருங்கிவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். எண்டோஸ்கோப்பியில் பார்த்துச் சின்ன பலூனை வைத்து விரித்துவிடுவார்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். அந்த இடத்தில் புண் வந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

தள்ளாட்டம் வரும் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்கத் திரவம்கூட நிற்கவில்லை என்றாலே, அல்லது சிறுநீர் அடர் மஞ்சளாகி ஒன்றிரண்டு தடவைதான் போகிறது என்றாலே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் வற்றிப்போய்த் திரும்ப அட்மிட் ஆகிறவர்கள் நிறைய.

கேள்வி: சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும்?

பதில்: மடக் மடக்கென்று குடித்துப் பழகியவர்களுக்கு முதலில் நடக்காதுதான். பையில் இடம் அவ்வளவுதான், தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்கு இடமில்லை, சில நேரம் சாப்பாட்டையும் அடித்துக்கொண்டு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். அதனால் சாப்பிட்டு முடித்து 30 நிமிடம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். மிச்ச நேரம் முழுக்கக் கையெட்டும் தூரத்தில் பாட்டில் இருக்கட்டும், நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு போதும். விழித்திருக்கும் நேரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 120 மில்லி குடித்தாலே 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். சிலருக்குக் குளிர்ந்த நீர் இறங்கும், சிலருக்கு வெதுவெதுப்பாக இருந்தால்தான் இறங்கும். ஸ்ட்ராவும் சோடாவும் வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போய் வயிறு உப்பும்.

கேள்வி: பைபாஸ் முடிந்து இரண்டரை மாதம். பிறந்தநாள் ஒன்றில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிடித்து முறுக்கி பேதி, படுத்துவிட்டேன். மாரடைப்போ என்று பயந்துவிட்டேன். இனி வாழ்நாள் முழுக்க இனிப்பே கூடாதா?

பதில்: பயந்ததில் தவறில்லை, முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். இதற்கு டம்பிங் என்று பெயர். முன்பு வயிறு ஒரு வாயில்காப்பாளன் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குள் விடும், பைபாஸில் அந்தக் காவல் போய்விட்டதால் சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் விழுகிறது. அதை நீர்க்கச் செய்ய உடல் ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது, அதனால்தான் படபடப்பும் வயிற்றுப் பிடிப்பும் பேதியும். படுத்தது சரியான காரியம்.

இதற்கு ஒரு தங்கையும் உண்டு, அது சாப்பிட்டு 1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும். ரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை தடாலென இறங்கிவிடும்: கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டு. அப்போது இன்னொரு இனிப்பை நிறையத் தின்றால் மறுபடி ஏறி மறுபடி இறங்கும். இது வந்திருந்தால், குறிப்பாக வண்டி ஓட்டுகிறவராக இருந்தால், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த அளவை மாற்ற வேண்டியிருக்கும், நீங்களாக மாற்றாதீர்கள்.

வாழ்நாள் முழுக்கவா என்றால், பலருக்கு நாளடைவில் இது தணிகிறது. இந்த மாதங்களில் கேக், ஐஸ்கிரீம், பழச்சாறு, சர்க்கரை போட்ட பானம் எதுவும் வேண்டாம். பழச்சாற்றைப் பழம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய, குடலுக்கு அதுவும் சர்க்கரைத் தண்ணீர்தான். பழமாகவே, தோல் நீக்கி, புரோட்டீன் உள்ள உணவுக்குப் பிறகு இரண்டு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் என்று டயட்டீஷியன் சொன்னார். பவுடர் கலந்த பானத்தின் வாசனை வந்தாலே குமட்டுகிறது. ஐந்தாவது வாரத்தில் இருக்கிறேன். பசியே எடுப்பதில்லை, அதனால் சில நாள் மதியம் சாப்பிடாமலே விட்டுவிடுகிறேன். எடை நன்றாகத்தான் இறங்குகிறது.

பதில்: எடை இறங்குவது நல்ல செய்திதான், ஆனால் எது இறங்குகிறது என்பதும் முக்கியம். புரோட்டீன் உள்ளே போகாவிட்டால் உடல் தன் தசையையே எடுத்துச் செலவழிக்கும், எடை எந்திரம் அதையும் கொழுப்பையும் ஒன்றாகத்தான் காட்டும். பசி எடுக்காததற்குக் காரணம் உண்டு, கிரெலின் என்ற பசி ஹார்மோனைச் சுரக்கும் பகுதி ஸ்லீவில் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிடுகிறது. பசி வந்து கூப்பிடும் என்று காத்திருக்க முடியாத மாதங்கள் இவை, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். மதியத்தை விடாதீர்கள்.

பவுடர் குமட்டினால் வேறு வழி இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாக்கின் ருசியும் மூக்கின் வாசனையும் மாறிப்போவது நிறையப் பேருக்கு நடக்கிறது. இனிப்புச் சுவை வேண்டாம் என்றால் சுவையூட்டாத பவுடரை வெதுவெதுப்பான சூப்பில் கலக்குங்கள், கொதிக்கும் சூப்பில் போட்டால் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். குளிரக் குளிரக் குடித்தால் வாசனை குறைவாக வரும், மூடி போட்ட கோப்பையில் குடித்துப் பாருங்கள். பால் கலந்த பிறகு வயிறு பொருமிப் பேதியாகிறது என்றால் பால் சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம், லாக்டோஸ் நீக்கிய பாலோ சோயா பானமோ கலந்து பாருங்கள். ஐந்தாவது வாரத்தில் உங்கள் தாள் அனுமதித்தால் பாதி வேலையை உணவே செய்துவிடும்: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வெந்த மீன் 30 கிராமில் 6, 7 கிராம், கெட்டித் தயிரிலும் பருப்பிலும் டோஃபுவிலும் மிச்சம். தட்டில் முதல் வாய் எப்போதும் இதுவாக இருக்கட்டும், காயும் மாவுச்சத்தும் இடம் மிச்சமிருந்தால்.

கேள்வி: சோறு, ரொட்டி, இறைச்சி இதெல்லாம் எப்போது?

பதில்: எட்டு வாரத்துக்கு முன்னால் அவசரப்படாதீர்கள். இந்த மூன்றும்தான் அதிகம் பேருக்கு அடைத்துக்கொள்பவை. சோறும் மென்மையான ரொட்டியும் மென்றால் பசையாகத் திரண்டு உருண்டையாகிவிடும். ரொட்டியை மொறுமொறுவென வாட்டி எடுத்தால் சிலருக்கு இறங்குகிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியின் நார் நீளமானது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மீன், பிறகு குழம்பிலோ சூப்பிலோ வெந்து ஈரமாக இருக்கும் கோழி, பிறகு அரைத்த இறைச்சி. நேற்று வெந்த கோழியை இன்று சூடாக்கினால் காய்ந்து நாராகியிருக்கும், நேற்று இறங்கியது இன்று இறங்கவில்லையே என்று குழம்புவீர்கள். பச்சைக் காய்கள், பழத்தோல், கொட்டைகள் இன்னும் கொஞ்சம் நாள் பொறுக்கட்டும்.

கேள்வி: கால்சியம், இரும்பு, மல்டிவிட்டமின் என்று ஒரு கை நிறைய மாத்திரை. எல்லாவற்றையும் காலையில் ஒரே தடவையில் போட்டுவிடலாமா? மூட்டு வலிக்குப் பழைய மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: ஒரே தடவையில் கூடாது. கால்சியமும் இரும்பும் குடலில் போட்டி போடும், இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் ஒரு வேளைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடலில் சேராது என்பதால் அதையும் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், அதிலும் சிட்ரேட் வகை நல்லது, குறைந்த அமிலத்திலும் அது கரைந்து சேரும். பி12 தனியாகக் கொடுத்திருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மூட்டு வலி மாத்திரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு வாயில் புண் வர இது ஒரு முக்கியக் காரணம், புகையும் அப்படியே. மாத்திரை பெரிதாக இருக்கிறதென்று நீங்களாகப் பொடிக்காதீர்கள், மெதுவாகக் கரைய வேண்டியதைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். ‘இன்னும் ஒரு வாய்’ என்றால் கோபப்படுகிறாள், ஒரு நாள் அழுதேவிட்டாள். பெற்றவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

பதில்: அம்மா, உங்கள் கவலை புரிகிறது. சாப்பிடு என்று சொல்லியே அன்பைக் காட்டி வளர்த்திருப்பீர்கள், இப்போது அந்த வார்த்தையை மட்டும் கொஞ்ச நாள் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. மூன்று கரண்டி என்பது ஆறாவது வாரத்தில் ஒரு முழு வேளைச் சாப்பாடாகவே இருக்கலாம். நான்காவதை நீங்கள் கேட்டதற்காக அவள் சாப்பிட்டால், அரை மணி நேரம் வலியோடும் நுரையோடும் இருக்கப்போவது அவள்தான், அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் அந்த அழுகை.

வாயை எண்ணுவதற்குப் பதிலாகத் தண்ணீரைக் கவனியுங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறாள், மாத்திரைகள் போகின்றனவா, வாந்தி உண்டா என்று. சின்னத் தட்டு, சின்னக் கரண்டி வாங்கிக் கொடுங்கள். அவள் மூன்று கரண்டியை இருபது நிமிடத்தில் சாப்பிடும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் சாப்பாட்டை அதே வேகத்தில் சாப்பிடுங்கள், வேறு எதையாவது பேசிக்கொண்டு. அவள் தட்டைத் தள்ளியதும் எதுவும் சொல்லாமல் எடுத்து மூடி வைத்துவிடுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அடுத்த வேளைக்கு அவளே வந்து கேட்கட்டும். அவளுக்கு நேரம் மறந்துபோனால் மட்டும் மணி என்ன என்று சொல்லுங்கள்.